ஐம்பது மீட்டர்

“எம் புருஷன் மேல புகார் கொடுத்தது யாரு? பேரை மட்டும் சொல்லுங்கக்கா, நான் போயிடறேன்.”

பத்து பெரிங்கி என்கிற ஊரின் கடற்கரையில் இருந்த அந்த கைட் கிளப்பின் மேசைக்கு முன்னால், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள் ஷர்மினி. மேசைக்குப் பின்னால் இருந்தவர் ரோஹானா. கிளப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளர். சிரிக்கத் தெரியாத மனுஷி என்று கணவன் சொல்லி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள்.

“உக்காரும்மா. பிள்ளைய வச்சுக்கிட்டு நிக்காதே.”

“உக்கார வரலக்கா. ஜெலுத்தோங்குலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன், பேரைக் கேக்கறதுக்கு.”

ரோஹானா போட்டியாளர் பட்டியலை மெல்ல மூடி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. பெரிய காற்றாடி இழுக்க இழுக்க, காலில் பலகையோடு கடல்மேல் சீறிப்போகிற போட்டி. ஷர்மினியின் கணவன் புவனேஸ்வரன் ஒரு வருஷமாக அதே நினைப்பில் இருந்தான். நேற்று வீட்டுக்கு வந்தவன், “பேரை எடுத்துட்டாங்க. மெம்பர்ஷிப்பையும் ஆறு மாசம் நிறுத்தி வச்சிட்டாங்க. கத்துக்கறவங்க பக்கத்துல போயிட்டேன்னு புகார்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டான். யார் கொடுத்தது என்று கேட்டதற்குச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

உள்ளதைச் சொன்னால், அதைக் கேட்டு முதலில் மூச்சு வந்தது ஷர்மினிக்குத்தான். கடல் என்றாலே அவளுக்குப் பயம். குழந்தை அதிரா பிறந்த இந்த எட்டு மாதத்தில் அந்தப் பயம் இரண்டு பங்காகிவிட்டது. இந்தப் போட்டி எப்படியாவது நின்றால் பால்குடம் எடுக்கிறேன் என்று தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டவளே அவள்தான்.

ஆனால், கடலுக்குப் போகாதே என்று அவள் சொல்லலாம். ஊரில் எவனோ கோள்மூட்டி நிறுத்துவதா?

“அவரு எப்படிப்பட்டவருன்னு உங்களுக்கே தெரியும். குறுக்க பூனை வந்தாக்கூட மோட்டார் சைக்கிள நிறுத்தி, அது போன பிறகு போறவரு.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா அவரு பேர எடுத்தீங்க?”

“கத்துக்கறவங்களுக்கும் நமக்கும் நடுவுல அம்பது மீட்டர் இருக்கணும்மா. கைட் கயிறு பாக்கத்தான் நூலு மாதிரி. இழுப்புல இருக்கறப்ப கத்தி. கழுத்துல பட்டா முடிஞ்சது. அதனால இந்த ஒரு விதிக்கு மட்டும் இங்க யாருக்கும் மன்னிப்பு கிடையாது. போன வருஷம் எங்க தம்பி மகனையே நிறுத்தி வச்சேன்.”

“அவரு பக்கத்துல போனத நீங்க பாத்தீங்களா?”

“இல்ல.”

“அங்க கத்துக்கிட்டிருந்தவங்க வந்து சொன்னாங்களா?”

“அந்தப் பொண்ணுக்கு அது மூணாவது பாடம்தான். நடந்ததே அதுக்குத் தெரியாது.”

“அப்ப வேற யாரோ.”

ரோஹானா மூடி வைத்த பட்டியலை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

அந்த நேரம் பார்த்து, பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு லோகேஸ்வரன் வந்தான். புவனேஸ்வரனோடு சேர்ந்து பழகுகிறவன். போட்டியாளர் வரிசையில் அவனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவன்.

“அண்ணி, எப்ப வந்தீங்க? பாப்பா மேல வெயில் படுது லா. இப்படி நெழலுக்கு வாங்க.”

“எங்களுக்கு எதுக்கு நெழலு? உங்களுக்குத்தான் வழி நல்லா தெறந்துருச்சே.”

லோகேஸ்வரனின் முகம் வாடிப்போனது. வந்த வழியே திரும்பி நடந்தான்.

“இவருதானேக்கா?” என்றாள் ஷர்மினி, அவன் முதுகைப் பார்த்தபடி. “நேத்து வரைக்கும் எங்க வீட்டுல தோசை சாப்பிட்டவரு. பொறாமை ஒரு ஆளை எங்க கொண்டுபோய் விடுது பாருங்க.”

“அந்தப் பையன் இல்லம்மா. சேதி தெரிஞ்சதும் எங்கிட்ட ஒரு மணி நேரம் சண்டை போட்டுட்டுப் போனவன் அவன்.”

“அப்ப யாருன்னு சொல்லுங்க.”

“இங்க புகார் எல்லாம் எழுத்துல வாங்குவோம். வாயால சொன்னா ஏத்துக்கறதில்ல. எழுதினவங்க பேரு உங்க வீட்டுக்குத் தெரிய வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. நானும் சரின்னுட்டேன்.”

“அக்கா, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆளுன்னு ஃபாரத்துல எம் பேரத்தானே போட்டிருக்கு?” ஷர்மினி குரலை உயர்த்தவில்லை. குழந்தையை மட்டும் அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “அவரு செத்தா எனக்குச் சொல்லுவீங்க. தப்புப் பண்ணினா சொல்ல மாட்டீங்களா?”

ரோஹானா இழுப்பறையைத் திறந்து புகார்ப் புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைப் புரட்டி அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“நான் சொல்லல. நீயே படிச்சுக்க.”

மலாய் மொழியில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தது.

யார் மீது: புவனேஸ்வரன்.

நடந்தது: அவருடைய கைட் கயிறு, கற்றுக்கொண்டிருந்த பெண்ணின் தலைக்கு மேலே ஒரு முழம் விட்டுக் கடந்தது. அந்தப் பெண் அப்போது கரையில் நின்ற தன் பிள்ளைக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

சாட்சி: யாருமில்லை.

புகார் கொடுத்தவர்: புவனேஸ்வரன்.