டிராகனின் தொண்டை

“இது வெளிய தெரியவே கூடாதும்மா,” என்று சொல்லிவிட்டு, வந்தவர் மேசைமேல் ஒரு கறுப்புப் பொத்தானை வைத்தார்.

பொத்தான் அல்ல. பொத்தான் மாதிரி ஒரு கருவி. ஒரு பக்கம் ஊசி நுழையும் ஓட்டை, ஓரத்தில் துளியூண்டு பச்சை விளக்கு.

இதை உள்ளே வைத்து, சுற்றிலும் வெள்ளிக் கம்பியால் ஒரு டிராகன் பின்னித் தர வேண்டுமாம். சிறகு, செதில், சுருண்ட வால் எல்லாம் வேண்டும். மனைவி கழுத்தில் போட்டுக்கொள்ள. கருவியை எடுத்து வைக்க வயிற்றில் ஒரு கீல்.

“வாய் மட்டும் திறந்தே இருக்கட்டும்.”

அந்தத் தெருவில் அவளுக்குக் கம்பியக்கா என்று பெயர். “நாள் முழுக்கக் கம்பி நீட்டியும் ஓடிப்போகாதவ நான் ஒருத்திதான்” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மயிரிழை போன்ற வெள்ளிக் கம்பியை இரட்டையாக முறுக்கி, சுருட்டி, பற்றவைத்து நகை செய்வது அவள் வேலை. தேவதைச் சிறகில் தோடு, ஒற்றைக்கொம்புக் குதிரையில் பதக்கம் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. உள்ளே எதையோ ஒளித்துவைக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை.

“என்ன இது?”

அவர் கருவியை அவள் கையில் கொடுத்து, மெதுவாக ஏதாவது பேசச் சொன்னார். பிறகு வாசலைத் தாண்டி, எதிர்ச்சாரி வரை போய், முதுகைக் காட்டி நின்றார்.

“என்னத்தைப் பேச, தலையெழுத்து,” என்று முணுமுணுத்தாள்.

திரும்பி வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. “‘என்னத்தைப் பேச, தலையெழுத்து’ன்னு சொன்னீங்க.”

அவள் அவர் தலையைப் பார்த்தாள். தோள்வரை வளர்த்த அந்த முடிக்குள் எதையோ சொருகி வைத்திருக்கிறார்.

“அவ மெதுவாத்தான் பேசுவா. வீட்டுல எந்த மூலைல இருந்து பேசினாலும் எனக்குக் கேக்கணும். ஒரு வார்த்தை விடாம.”

கருவியை அணைத்து வைத்தார். கம்பியக்கா குனிந்து அதன் அளவை எடுத்தபடியே கேட்டாள். “இது உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?”

பதில் இல்லை.

நிமிர்ந்தாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவர் போனதும் உள்ளறையில் தையல் மெஷின் நின்றது. தங்கை எட்டிப் பார்த்தாள். புருஷன் தினமும் போனைப் பிடுங்கிப் பார்த்து, பேசியவர்களை எல்லாம் விசாரிக்க, கடைசியில் ஒற்றைப் பையோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவள்.

“வேணாம்னு திருப்பிக் கொடுத்துடுக்கா.”

“நான் மாட்டேன்னா வேற எவனாவது செஞ்சு கொடுப்பான். எப்படியும் அந்தப் பொண்ணு கழுத்துல ஏறத்தான் போகுது.”

“அதுக்கு?”

“ஏறட்டும். ஊமையா ஏறட்டும்.”

டிராகன் அழகாகத்தான் வந்தது. செதில் செதிலாகச் சுருள், விரித்த சிறகில் நரம்பு நரம்பாகக் கம்பி. ஆனால் கம்பிப் பின்னலில் காற்று நுழையும், குரலும் நுழையும். அதனால் உட்புறம் முழுக்க மெல்லிய வெள்ளித் தகட்டை வைத்து, இடுக்கில்லாமல் பற்றவைத்தாள். பார்ப்பவர்களுக்கு டிராகன் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தது. நாக்குக்குப் பின்னால் தொண்டை அடைத்திருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வாங்க வந்தவர் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்கூடக் கலங்கியது.

“சோதிச்சுப் பாக்கலையா?” என்று அவர் நிமிர்ந்ததும் கேட்டாள்.

“வேணாம்மா. முதல்ல அவ குரல்தான் கேக்கணும்.”

“என்னமா நடிக்கிறான்,” என்றாள் தங்கை, அவர் தலை மறைந்ததும்.

சில நாள் கழித்து ஒரு பெண் வந்தாள். கழுத்தில் டிராகன். குரல் கம்மியிருந்தது. வாசலில் அவர் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார்.

“அக்கா, இது கொஞ்சம்...” என்று அவள் தொடங்குவதற்குள், கம்பியக்கா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“பயப்படாம பேசும்மா. இதுக்குள்ள இருக்கிறது மைக்கு. நீ பேசுறதையெல்லாம் உன் வீட்டுக்காரர் கேக்கிறதுக்கு வெச்சது. நான் தொண்டையை அடைச்சிட்டேன். இனிமே உன் பேச்சு ஒண்ணும் அவர் காதுல விழாது.”

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “என்னங்க,” என்றாள்.

அவர் திரும்பவில்லை.

இன்னும் உரக்க, கரகரத்து, “என்னங்க.”

உள்ளறையில் தையல் மெஷின் நின்றது. வாசலில் அவர் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆமாக்கா, விழலை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.” அவள் பதக்கத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “அவருக்குக் காது மந்தமாயிடுச்சு. காதுல மெஷின் வெச்சிருக்கார், முடியால மறைச்சுக்குவார். கத்திக் கத்தி என் தொண்டை போச்சுன்னு நான்தான் இதை வாங்கச் சொன்னேன். இதுல பேசினா நேரா அவர் காதுக்குப் போகும். பொண்ணுக்கு நான் டிராகன் கதை சொல்றப்ப அவரும் பக்கத்துல வந்து உக்காருவார்க்கா. ஒண்ணும் கேக்காது. அவ சிரிச்சா இவரும் சிரிப்பார்.”

கம்பியக்கா டிராகனின் வயிற்றைத் திறந்து, தகட்டை இடுக்கியால் கிழித்துக் கிழித்து எடுத்தாள். இரண்டு செதில் நெளிந்தது. அதைச் சரிசெய்யக் கை வரவில்லை.

அவர் உள்ளே வந்தார். அவள் நிமிர்ந்து, முகத்தை நேராகக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். “மன்னிச்சிடுங்க. அன்னிக்கு நான் ஒண்ணு கேட்டேன், நீங்க பதில் சொல்லலை. அதான் தப்பா நினைச்சிட்டேன்.”

அவர் அவள் உதட்டைப் பார்த்து முடித்துவிட்டுச் சிரித்தார்.

“தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டிருப்பீங்கம்மா.”