மருமகளுக்கு அனுமதி இல்லை

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் எல்லாருக்கும் மருமகள் மேல் பரிதாபம்.

மாமியார்தான் அங்கே தலைமைப் பொறியாளர். ஆஸ்பத்திரியின் மென்பொருள்கள் அத்தனையும் ஒரே சர்வரில் ஓடின. ஒன்று இன்னொன்றில் மூக்கை நுழைக்காதபடி ஒவ்வொன்றையும் தனி வேலிக்குள் வைத்து ஓட்டும் ஏற்பாட்டுக்கு 'ரன்டைம்' என்று பெயர். எதற்கு என்ன அனுமதி என்பது மாமியார் கையில்.

மற்றவர்கள் கேட்டதில் முக்கால்வாசி கிடைத்துவிடும். மருமகள் எழுதிய முன்பதிவு மென்பொருளுக்கு மட்டும் கெடுபிடி. வேறு ஃபைலைத் திறக்க முடியாது. வெளி சர்வர் எதையும் தொடர்புகொள்ள முடியாது. மெமரிகூட அளந்துதான்.

"வீட்டுக் கோபத்தை இங்க காட்டுறாங்க" என்றார் மருந்தகத்துக்கு மென்பொருள் எழுதுபவர்.

மருமகளிடமே போய் ஆறுதல் சொன்னார்கள். அத்தை மேல் ஒரு தப்பும் இல்லை என்றாள் அவள். மாமியாரை விட்டுக்கொடுக்காத பெண் என்று பரிதாபம் இன்னும் கூடிப்போனது.

ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், சர்வருக்குள் திருடன் நுழைந்திருந்தான்.

நோயாளிகள் ஸ்கேன் படம் அனுப்பும் வசதி மருமகளின் மென்பொருளில் இருந்தது. படம் என்ற பெயரில் எவனோ கள்ள நிரலை அனுப்பிவிட்டான். ஆனால் வேலியைத் தாண்ட அவனால் முடியவில்லை. நோயாளிகளின் மருத்துவ விவரங்களை எட்டிப் பார்க்க முயன்ற கணமே ரன்டைம் அந்த மென்பொருளை நிறுத்திவிட்டது. ஒருவர் விவரமும் வெளியே போகவில்லை.

இயக்குநர் கூட்டம் போட்டார். மருமகள் தொலைந்தாள் என்றே நினைத்தார்கள். அவளே எழுந்து, ஓட்டை தன் மென்பொருளில்தான், படத்தைச் சோதித்த விதம் போதவில்லை, இப்போது அடைத்தாகிவிட்டது என்றாள்.

இயக்குநர் மாமியார் பக்கம் திரும்பினார். சொந்த மருமகள் என்றுகூடப் பார்க்காமல் நீங்கள் கறாராக இருந்ததால் ஆஸ்பத்திரி மானம் தப்பியது என்று கைகுலுக்கினார்.

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாராட்டு எனக்கில்ல சார். வெளியாளுங்க புழங்குற மென்பொருள், எந்தக் கதவையும் திறக்காதீங்கன்னு இவதான் ஒத்தக் கால்ல நின்னா. கொஞ்சம் தளர்த்திக்கோம்மான்னு நான்தான் கெஞ்சினேன். 'மருமகள்னு சலுகை காட்டாதீங்க அத்தை'ன்னு என் வாயை அடைச்சுட்டா."