அப்பாவின் எடை

கணக்கு வாத்தியார் வீட்டில் காலையிலேயே விசாரணை ஆரம்பித்துவிட்டது.

"நாற்பத்தெட்டு கிலோ இருந்த எங்கப்பா, ரெண்டே மாசத்துல நாற்பத்திரண்டு! சத்துப் பவுடரைக் கரைச்சு மூக்குக் குழாய்ல ஊத்தறியா, இல்ல தொட்டியில ஊத்தறியா?"

மனைவி, வேளைதோறும் ஊற்றிய அளவையும் நேரத்தையும் எழுதிவைத்த நோட்டை நீட்டினாள். காப்பியடித்த பையனின் விடைத்தாளைப் பார்ப்பதுபோல் அதைப் புரட்டினார் வாத்தியார்.

மாதாமாதம் வீட்டுக்கு வரும் ஊட்டச்சத்து நிபுணரிடமும் புகார் போனது. அந்த அம்மா, படுக்கையில் கிடந்த பெரியவரின் புஜத்தை டேப்பால் அளந்தார்.

"சதை கொஞ்சம்கூட வத்தல. முதல்ல இருந்த அதே அளவு. எடை எப்படிப் பார்த்தீங்க, சார்?"

"அப்பாவால நிக்க முடியாதே. தூக்கிக்கிட்டு நானே மெஷின்ல ஏறினேன். நூத்திப் பதினாலு. அதுல என்னோட எழுபத்திரண்டைக் கழிச்சேன். எனக்குக் கழித்தல் வராதா, மேடம்?"

"கழித்தல் சரிதான். அந்த எழுபத்திரண்டு எப்பப் பார்த்தது?"

"அப்பாவுக்குக் குழாய் போட்ட அன்னைக்கு."

"இப்பத் தனியா ஏறுங்க."

முள் அறுபத்தாறில் நின்றது. பெல்ட்டில் சமீபத்தில் போட்ட புது ஓட்டை வாத்தியாரின் ஞாபகத்துக்கு வந்தது.

"பெரியவர் அதே நாற்பத்தெட்டுதான். இளைச்சது நீங்க. ஒழுங்காச் சாப்பிடறீங்களா?"

மனைவி முந்திக்கொண்டாள்.

"மாமாவுக்குக் குழாய் இருக்கு, ஊத்திடறேன் மேடம். இவருக்கு வச்ச தட்டு அப்படியே ஆறிப்போகுது. வாயைத் திறக்கறதே என்னைத் திட்டறதுக்குத்தானே!"