வெட்டாமல் போடணும்

ஒல்லியான ஒவிடியோ எழுந்தான். பல் துலக்கினான். தண்ணீரைக் கொதிக்கும் முன்னே இறக்கி தேநீர் போல அங்கே குடிக்கும் மாத்தே இலையில் ஊற்றி, குவளையோடு முன்னறைக்கு வந்தான்.

திரைக்குப் பின்னால், சமையலறையிலிருந்து மனைவி நெலிடாவின் குரல் கிட்டாரோடு எழுந்தது. வழக்கம்போல் இரண்டாம் சரணத்தில் ஒரு வரியை மறந்து, வழக்கம்போல் சிரித்து, விட்ட இடத்திலிருந்து பாடினாள்.

வாசலில் கத்தானியோ வந்து நின்றார். புவனோஸ் ஐரிஸ் வானொலி ஒன்றில் பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பவர்.

"என்ன சார், வழி தவறி வந்துட்டீங்களா?"

"கோவிச்சுக்காத தம்பி. இங்கிலாந்தோட சண்டை. இனிமே இங்கிலீஷ் பாட்டே போடக்கூடாதுன்னு உத்தரவு. அலமாரில பாதிக்கு மேல காலி. நம்ம மொழில ராக் வேணும். இன்னைக்கே வேணும்."

ஒவிடியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஸ்பானிஷ்ல ராக் பாடினா நாய் ஊளையிடுற மாதிரி இருக்குன்னு எங்க இசைத்தட்டைத் தூக்கி எறிஞ்சது யாரு? அப்புறம் போடக்கூடாத பாட்டுன்னு முத்திரை குத்தினது யாரு? கச்சேரி கேக்க வந்த பசங்களை ராணுவ லாரில அள்ளிட்டுப் போனாங்களே, ராத்திரில கதவை இடிச்சுக் கூட்டிட்டுப் போனவங்க திரும்பவே இல்லையே, அப்ப எங்க இருந்தீங்க?"

"நானா அள்ளினேன்? மேலிடம் சொன்னா நான் என்ன தம்பி பண்ணுவேன்?"

"இப்பவும் மேலிடம்தான் சொல்லுது."

"ஆமா. இப்ப இதுதான் தேசிய இசையாம்."

"நேத்து வரைக்கும் தேசத்துரோகம். இன்னைக்குத் தேசிய இசை. வெக்கமா இல்ல?"

கத்தானியோவின் காது திரைப்பக்கம் போயிருந்தது.

"பாடறது வீட்டம்மாதானே? என்ன குரல்யா! இதையே நாடு முழுக்கப் போடறேன். இனிமே அவங்களுக்குப் பயமே வேணாம்."

ஒவிடியோ குவளையை மேசையில் வைத்தான்.

"தர்றேன். ஆனா அவ வாயிலருந்து வர்ற ஒரு சொல்லைக்கூட வெட்டக்கூடாது. கடைசி வரைக்கும் போடணும்."

"எங்கம்மா மேல சத்தியம்."

"அப்ப உள்ள வந்து கேளுங்க."

கத்தானியோ தலைமுடியைச் சரிசெய்து, முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு திரையை விலக்கினார். சமையலறையில் யாருமில்லை. மேசைமேல் ஒலிநாடா சுழன்றுகொண்டிருந்தது.

"எப்ப எடுத்தது இது?"

"அஞ்சு வருஷம் ஆச்சு. இங்கயேதான். கிட்டார் நான்."

பாட்டு முடியவில்லை. நடுவிலேயே கதவு தடதடவென்று இடிபட்டது. கத்தானியோ திடுக்கிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். கதவு திறந்தே கிடந்தது. ஆளில்லை.

நாடாவில் இடி தொடர்ந்தது. பிறகு நெலிடாவின் குரல், ராகமில்லாமல்:

"நீ வாசிச்சுட்டே இரு, ஒல்லி. யாருன்னு பாத்துட்டு வந்துர்றேன்."