நல்ல தகடு

பழைய இரும்புப் படகின் தளத்துக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே முழங்கையை ஊன்றி ஊர்கிற அளவுக்குத்தான் இடம். அதற்குள் கிடந்து துரு சுரண்டிக்கொண்டிருந்தான் சூசை. அவன் மைத்துனன் இருதயம் வெளியே நின்று, படகின் உடம்பைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்து வந்தான்.

"தகடு நல்லாருந்தா உள்ளேருந்து திருப்பித் தட்டு மாப்ள. தட்டலைன்னா மக்கிப்போச்சுன்னு வெட்டி எடுத்துருவேன்." காலையிலேயே அப்படிப் பேசிவைத்திருந்தார்கள்.

மதியம் வந்த புதிய தளத் தகட்டை ஆட்கள் மேலே இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். சூசை இறங்கிய திறப்பு அதோடு மூடிக்கொண்டது. முதுகால் முட்டினான், அசையவில்லை. கத்தினான்.

"பாட்டு வேறயா மாப்ள!" ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேலே இருதயம் சிரித்தான்.

சூசை சுத்தியலால் பக்கத் தகட்டை ஓங்கி ஓங்கி அடித்தான்.

"அடேயப்பா, என்னா உறுதி! இதத் தொடவே வேணாம்." இருதயம் அடுத்த இடத்துக்கு நகர்ந்தான். சூசை கூடவே ஊர்ந்துபோய் அடித்தான். அடிக்க அடிக்கப் படகு முழுக்க நல்ல தகடாகிக்கொண்டே போனது. மூச்சு முட்டியது. இருந்த கொஞ்சக் காற்றையும் துருவோடு பங்கு போட வேண்டியிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. சுத்தியலைக் கீழே வைத்தான்.

வெளியே தட்டல் கேட்டது. மறுபடியும் கேட்டது. பதிலுக்கு எழும்பிய கையைத் தொடைக்கடியில் அழுத்திக்கொண்டான். சாக்பீஸ் இரும்பில் வட்டமாகக் கீறியது. பிறகு கேஸ் கட்டர் சீறியது.

பின்னால் நகரப் பார்த்தான். தோள் படகின் இரும்புச் சட்டத்தில் சிக்கியிருந்தது. மூக்குக்கு நேரே தகடு மெல்லச் சிவந்தது.