பதில் எழுதாத சைக்கிள்காரர்

"படிக்கிறேன், கேளுங்க அத்தை. அதட்டுற மாதிரி இருந்தா உடனே சொல்லிடுங்க" என்றாள் ரலிட்சா, போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி.

பென்கா அத்தை முற்றத்தில் உட்கார்ந்து சுட்ட குடைமிளகாய்களைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். ஜாடியில் அடைத்து நிலவறையில் இறக்கிவிட்டால் குளிர்காலம் முழுக்கக் கவலையில்லை. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"'அன்புள்ள யோரிஸ், எங்க வீட்ல நீங்க தங்கினதுல ரொம்ப சந்தோஷம். பிடிச்ச விஷயம் ஒண்ணு, மாத்த வேண்டிய விஷயம் ஒண்ணு, ரெண்டையும் எழுத முடியுமான்னு நினைச்சேன். நேரமில்லைன்னா பரவாயில்லை.' எப்படி இருக்கு?"

"எழுதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு சுத்து?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான் அத்தை. 'எழுது'ன்னா அதட்டல். 'எழுத முடியுமா'ன்னா சுமார். 'எழுத முடியுமான்னு நினைச்சேன்'னாதான் மரியாதை. ஆனா என்ன வேணுங்கிறதைப் பளிச்சுனு கேட்டுடணும். மத்தவங்க எல்லாம் பதில் போடுறாங்க. இவருக்கு எத்தனையோ தடவை எழுதிட்டேன், ஒரு வரி இல்லை. என் இங்கிலீஷ்லதான் ஏதோ கோளாறு."

"அவனை விட்டுத் தொலையேன்டி."

"எப்படி விடுறது? மாடி கட்டறதுக்கு முன்னாடி, மாமா இருந்தப்ப, சைக்கிள்ல வந்து தங்கின விருந்தாளி அவர் ஒருத்தர்தான். ராத்திரி முழுக்க மாமாவோட உக்காந்து ராக்கியா சாராயம் குடிச்சார்னு நீங்கதானே சொன்னீங்க? மாமாவைப் பத்தி அவர் நாலு வார்த்தை எழுதினா எவ்வளவு நல்லா இருக்கும்!"

அத்தை அடுத்த மிளகாயை எடுத்தாள். ரலிட்சாவும் விடுகிற ரகம் இல்லை. தங்கிப் போனவர்கள் நல்லதாக எழுதினால்தான் முன்பதிவுத் தளத்தில் வீடு மேலே வரும். அறைகள் நிரம்பாவிட்டால் அவளும் அம்மாவைப் போல ஸ்பெயினுக்குப் போய் ஆரஞ்சு பறிக்க வேண்டியதுதான். லோம் ஊரில் பாதி வீடு அப்படித்தான் பூட்டிக் கிடக்கிறது. அவளுக்கு ஊரை விட்டுப் போகப் பிடிக்கவில்லை.

போன இலையுதிர்காலத்தில் கிராசிமிர் மாமா மீன்பிடிக்கப் போய் டான்யூப் ஆற்றோடு போனார். சில வாரம் கழித்து உடம்பு கரை ஒதுங்கியது. அத்தை போய் அடையாளம் சொன்னாள்; பெட்டியைத் திறக்காமலே அடக்கம் நடந்தது. பிறகு வந்த காப்பீட்டுப் பணத்தில்தான் மாடியில் இந்த அறைகள் எழும்பின.

தெருக்கதவில் மாமாவின் இரங்கல் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. கறுப்புக் கட்டத்துக்குள் மீசையோடு சிரிக்கிறார். ஊரில் சாவு விழுந்த எல்லா வீட்டுக் கதவிலும் இருக்கிற தாள்தான். எழுத்துப் புரியாத வெளிநாட்டுக்காரர்கள் அதை வீட்டுக்காரர் படம் என்று நினைத்து, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். அத்தை திருத்த மாட்டாள். உள்ளூர் பாஷை பேசுகிறவர்களுக்கு அவள் அறையே தருவதில்லை. கேட்டால் துண்டைத் திருடுவார்கள் என்பாள்.

போன் கிணுங்கியது.

"போர்ச்சுகல் ஜோடி! காலையில கிளம்பினவங்க, அதுக்குள்ள பதில் போட்டுட்டாங்க பாருங்க!" ரலிட்சா துள்ளி உட்கார்ந்து தங்கள் பாஷையில் மாற்றிப் படித்தாள். "'இவ்வளவு அழகா கேட்டதுக்கு நன்றி. அறை சுத்தம். சாப்பாடு பிரமாதம். ரொம்பப் பிடிச்சது, விடியற்காலையில தோட்டத்துல எங்களுக்கு அத்திப்பழம் பறிச்சுக் கொடுத்த பெரியவர். மாத்த வேண்டியது அவரோட இருமல்தான். டாக்டர்கிட்ட காட்டுங்க.' எந்தப் பெரியவர் அத்தை? இங்க ஆம்பளைன்னு யாரு இருக்கா?"

அத்தையின் விரல்கள் மிளகாயில் அப்படியே நின்றன.

ரலிட்சா அடுத்த வரிக்குப் போனாள். அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "'அவர் பேர் தெரியலை. கதவுல படம் இருக்கே, அவர்தான். படத்துல மீசை மட்டும்தான் இருக்கு, இப்ப தாடியும் வச்சிருக்கார்.'"

வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் ரலிட்சாவுக்கு உடம்பு சில்லிட்டது. சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அத்தை, மாமாவோட ஆத்மா இன்னும் அடங்கலை போலிருக்கு. நாப்பதாம் நாளுக்கு கோதுமை அவிச்சு நானே கல்லறைக்குக் கொண்டுபோனேனே! எதுக்கு இப்படி அலையறார்? பாதிரியாரைக் கூப்பிடட்டுமா?"

"இப்ப படிச்சியே, அது ஊர்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"இல்ல, எனக்கு மட்டும்தான் வந்திருக்கு. தளத்துலயும் போடச் சொல்லிக் கேட்கணும்."

"கேட்காதே."

அத்தை எழுந்தாள். வாளித் தண்ணீரில் கையை நிதானமாகக் கழுவி ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். நேரே போய் நிலவறைக் கதவைத் திறந்து கீழே குனிந்து கத்தினாள்.

"வீட்ல ஆள் இருக்கும்போது மேல வராதீங்கன்னு எத்தனை தடவைய்யா தலைதலையா அடிச்சுக்கிறது!"

கீழே இருட்டுக்குள் யாரோ இருமினார்கள். சின்ன வயதிலிருந்து ரலிட்சா கேட்டு வளர்ந்த இருமல்.

சந்தோஷப்பட வேண்டுமா, ஓட வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.  கடைசியில் காற்றுபோல ஒரு குரல் வந்தது.

"அப்ப... அந்தப் பெட்டியில நாம யாரைப் புதைச்சோம்?"

அத்தை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனில் இன்னும் அனுப்பாமல் கிடந்த, யோரிஸுக்கு எழுதிய மெயிலைப் பார்த்தாள்.

"இனிமே அந்த சைக்கிள்காரனுக்கு எழுதாதே கண்ணு" என்றாள் பரிவாக. "உன் இங்கிலீஷ்ல ஒரு கோளாறும் இல்லை."