முன்வரிசைக்காரர்

"கேமராவை உள்ளே விட முடியாதும்மா."

விளையாட்டரங்கின் மூன்றாம் வாசலில் நின்ற காவலாளி, அந்த அம்மாளின் பையிலிருந்து முழங்கை நீள லென்ஸை வெளியே எடுத்தான். வேலையில் சேர்ந்து அன்றுதான் முதல் நாள். விறைப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

"நாலே நாலு படம் தம்பி. என் வீட்டுக்காரருக்குக் காட்டணும்."

"அவரையே கூட்டிட்டு வந்து மேட்ச்சைக் காட்ட வேண்டியதுதானே?"

"அவர் பதினாலு வருஷமா ஒரு மேட்ச் விடாம வர்றார். அதுவும் மைதானத்தை ஒட்டி, எல்லாருக்கும் முன்னால. ஆனா ஒரு பந்துகூடப் பார்த்ததில்ல."

"ஐயோ பாவம், கண்ணு தெரியாதா?"

"கழுகுக் கண்ணு!"

"அப்போ தூங்கிடுவாரா?"

"கொட்டாவிகூட விடமாட்டார்."

காவலாளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கொடுத்து வைக்காத மனுஷன்! என்னைப் பாருங்க, நாளையிலிருந்து எனக்கு உள்ளே, எல்லைக் கயிறு பக்கத்துல டூட்டி. எல்லா மேட்சும் ஓசியிலேயே பார்க்கப் போறேன். இந்த வேலைக்கு வந்ததே அதுக்குத்தான்!"

அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் தம்பி டூட்டி. மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, கூட்டத்தையே பார்த்து நிக்கணும். திரும்பினா சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

காவலாளியின் முகம் தொங்கிப்போனது. கையிலிருந்த லென்ஸைப் பார்த்தான். பிறகு அதைப் பைக்குள் பத்திரமாக வைத்து, ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான்.

"போங்கக்கா, நான் எதையும் பார்க்கல" என்றான். "படத்துல எனக்கும் ஒரு காப்பி எடுத்து வைங்க."